மாமியாருக்கு முழங்கால் வலி: அமால்ஃபி கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். வரும் கோடை லீவில் இத்தாலியின் தென்பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. இன்ஸ்டாகிராமில் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அமால்ஃபி கடற்கரையில் இருக்கும் பொசிட்டானோதான் வேண்டும். மாமியாருக்கு 69 வயது. நடப்பார், ஆனால் படி என்றால் முகம் சுருங்கிவிடும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மகளுக்குப் பத்து வயது, வளைவான ரோட்டில் போனால் வாந்தி. பையனுக்கு ஐந்து.

கோயம்புத்தூரில் ஒரு டூர்காரர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ரோமில் இரண்டு இரவு, பொசிட்டானோவில் நான்கு இரவு, 'போகிற வழியில்' எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரம் பாம்பேயி இரண்டு மணி நேரம். எனக்கு அந்தப் பாம்பேயியைத்தான் நிதானமாகப் பார்க்க ஆசை. போனவர்கள் யாராவது சொல்லுங்கள், இது நடக்கிற காரியமா?

வேலந்தாவளம் வாத்தியார்:
அம்மணி, அந்தத் திட்டத்தை மடித்து வைத்துவிடுங்கள். மகள் அந்தக் கடற்கரைக்குப் பக்கத்து நகரமான சலேர்னோவில் படித்த காலத்தில் நானும் வீட்டுக்காரியும் போய்த் தங்கியிருந்தோம். அவளுக்கும் முழங்கால்தான், அதனால் தெரிந்து சொல்கிறேன்.

பொசிட்டானோ செங்குத்தான மலைச்சரிவில் அடுக்கி வைத்த ஊர். மெயின் ரோடு மேலே, கடல் கீழே, நடுவில் முழுக்கப் படி. படத்தில் அது தெரியாது. அங்கே நான்கு இரவு என்றால் உங்கள் மாமியார் நான்கு நாளும் ஓட்டல் பால்கனியில்தான் இருப்பார். ரோடும் அப்படித்தான். நம் ஆழியாறு வால்பாறை ரோட்டைக் கடலோரமாகக் கொண்டுபோய் இன்னும் ஒடுக்கியதுபோல இருக்கும், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். மகளை அதில் ஏற்றாதீர்கள்.

சலேர்னோவில் தங்குங்கள். கடலோரம் சமதளம், பனைமர நிழலில் நீளமான நடைபாதை, மாமியார் சாயங்காலம் நிம்மதியாக நடப்பார். ரோமிலிருந்து வேக ரயில் நேப்பிள்ஸ் வழியாக நேரே வருகிறது, இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வாடகையும் பொசிட்டானோவோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அங்கிருந்து அமால்ஃபிக்குப் படகில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே படகுத் தடத்தில் பொசிட்டானோவும் வரும். உங்கள் வீட்டுக்காரர் இறங்கி ஆசைதீரப் படம் எடுத்துக்கொள்ளட்டும். படகு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான், ஏப்ரல் தொடக்கத்தில் குறைவாகவே ஓடும். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் மே மாதமே நல்லது, படகு நாளைக் கடைசி நாளில் வைக்க வேண்டாம்.

அமால்ஃபி கதீட்ரலுக்கு ஏற 62 படி. மாமியார் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் சாப்பிடட்டும். வழியில் மினோரி என்று சின்ன ஊர், தட்டையான தரை. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியப் பணக்காரனின் கடற்கரை மாளிகை ஒன்று ஊருக்கு நடுவிலேயே கிடக்கிறது. கூட்டமே இருக்காது.

இனி பாம்பேயி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய நகரத்தை இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது கல்யாண வீட்டில் வாசலோடு திரும்புவது மாதிரி. சலேர்னோவிலிருந்து சாதாரண அரசு ரயிலில் பாம்பேயி ஊர் ஸ்டேஷனில் இறங்கினால் ஆம்ஃபிதியேட்டர் பக்கத்து வாசல் கொஞ்ச நடைதான். முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் என்று போட்ட பாதை அங்கேதான் தொடங்குகிறது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். அதைவிட்டு மற்ற தெருக்களில் இறங்கினால் பெரிய பெரிய கல், கால் மடங்கும். மாமியாருக்கு அதுவும் முடியாதென்றால் எர்கொலானோ போங்கள். அதே எரிமலையில் புதைந்த ஊர்தான், ஆனால் சிறியது. மாடிகளும் கருகிய மரச்சட்டங்களும் அப்படியே நிற்கின்றன. எனக்கு அதுதான் மனதில் நின்றது.

ஒரு நாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு. 1938இல் பாம்பேயி வீடு ஒன்றில் கிடைத்த இந்திய யானைத்தந்தச் சிலை அங்கே இருக்கிறது. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சி என்பவர்களும் உண்டு. இதே பாணியில் மகாராஷ்டிரத்து போகர்தனிலும் தேரிலும் கிடைத்திருப்பதால் அது நம் பக்கத்துச் சரக்கென்று சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: முசிறியில் மிளகை ஏற்றிக்கொண்டு தங்கத்தைக் கொடுத்துப் போனவர்கள் இந்த ஊர்க்காரர்கள், முசிறியையும் கொங்கு நாட்டையும் இணைத்த வழி நம் பாலக்காட்டுக் கணவாய். வெள்ளலூரில் ரோமானியக் காசு குவியலாகக் கிடைத்தது சும்மா இல்லை. இதைச் சொன்னால் பத்து வயதுப் பெண் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரமாட்டாள். ஒரு எச்சரிக்கை: சிலை இருப்பது 'ரகசிய அறை' எனப்படும் பகுதியில். சுற்றிலும் பாம்பேயிக்காரர்களின் வெட்கமில்லாத ஓவியங்கள். யார் முதலில் உள்ளே போய்ப் பார்த்து வருவது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரத்தான்:
சார் சொன்னது சரி. விசா மட்டும் நான் சொல்கிறேன். இத்தாலிக்கு எடுக்க வேண்டியது ஷெங்கன் எனும் ஐரோப்பியப் பொது விசா, அதன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, உங்கள் மகளுக்கு 45, ஐந்து வயதுப் பையனுக்கு இல்லை. சென்டர் சர்வீஸ் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மே லீவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் பிடியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். மாமியாரின் வயதைச் சொல்லி எடுங்கள். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்கட்டும், இனிஷியல் விஷயத்தில் நம் ஆட்கள் மாட்டுவது அங்கேதான்.

நேப்பிள்ஸ் நர்ஸ்:
அக்கா, நான் கோபாலபுரம், இங்கே வேலை. சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக் கடைகள் ஏழரைக்குப் பிறகுதான் திறக்கும், அம்மாவுக்கும் பையனுக்கும் அது ஒத்துவராது. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் அவ்வளவுதான், கவலையில்லாமல் வாங்கலாம். தக்காளி பாஸ்தாவும் கிடைக்கும், மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். பீன்ஸ் சூப் சைவம் மாதிரி தெரியும், பன்றிக்கொழுப்பு போடுவதுண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து நெய், பால்கோவா கொண்டுவராதீர்கள், பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாக. பஸ் டிக்கெட்டை 'டி' போர்டு போட்ட சிகரெட் கடையில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. படகில் பொசிட்டானோ என்றதும் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். மாமியார் இப்போதே பருப்புப்பொடிக்குத் துவரை வறுக்கலாமா என்கிறார்! ஒரு கேள்வி சார், மாதத்தின் முதல் ஞாயிறு பாம்பேயி இலவசமாமே, அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டுமா?

வேலந்தாவளம் வாத்தியார்:
வேண்டாம் அம்மணி. 18 வயதுக்குக் கீழே என்றைக்கும் இலவசம்தான், உங்களுக்கு மிச்சமாவது பெரியவர்கள் மூன்று பேர் டிக்கெட். ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறார்கள், இலவச ஞாயிறில் அந்த வரிசையில் மாமியாரை நிறுத்த வேண்டியதில்லை. டிக்கெட்டில் பெயர் போடுவார்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பேயியைத் திங்கட்கிழமை காலை வாசல் திறக்கும்போதே போய்ப் பாருங்கள். செவ்வாய் அருங்காட்சியகத்துக்கு லீவு, அன்றைக்குப் படகு. புதன்கிழமை நேப்பிள்ஸ்.