வட்ஸ்அப் குறூப்பில் ஐந்து நிமிடப் பாடம்: எப்படித் திட்டமிடுவது?

மூதூர் ரீச்சர்:
வணக்கம். சாதாரண தர விஞ்ஞானம், 34 பிள்ளைகள். பாதி வீடுகளில் ஒரே ஒரு போன்தான், தகப்பன் இரவில் கடலுக்குப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். 40 நிமிட சூம் வகுப்பை ரெக்கோட் பண்ணி குறூப்பில் போட்டால் நாலைந்து பேர்தான் திறக்கிறார்கள். அதை எட்டுத் துண்டாக வெட்டிப் போட்டால் சரிவருமா? அடுத்த பாடம் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோகிராம் பொருளை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம்.

கிண்ணியா சேர்:
வெட்டிப் போடாதீர்கள் ரீச்சர். வகுப்பில் பேசியதை வெட்டினால், முதல் இரண்டு துண்டையும் கேட்காத பிள்ளைக்கு மூன்றாவது விளங்காது. கடைசிக் கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

உதாரணத்துக்கு: 500 கிராம் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு, பாகைக்கு 4200 யூல். விடை 0.5 × 4200 × 70 = 147,000 யூல். இந்தக் கணக்குக்கு உதவாத எதுவும் பாடத்துக்குள் வரவேண்டாம். நீர் ஆவியாகும்போது எடுக்கும் மறைவெப்பம் இன்னொரு நாளைக்கு.

இதைத் தெரிவுக் கேள்வியாகக் கொடுங்கள், ஆனால் பிழையான தெரிவுகளை எழுந்தமானமாகப் போடாதீர்கள். பிள்ளைகள் விடும் பிழையிலிருந்தே எடுங்கள். 210,000 என்று வந்தால் வெப்பநிலை வித்தியாசத்தை எடுக்காமல் 100ஆல் பெருக்கியிருக்கிறது. 63,000 என்றால் தொடக்க வெப்பநிலையான 30ஆல் பெருக்கியிருக்கிறது. 147,000,000 என்றால் கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை. இந்த மூன்றுக்கும் 30 வினாடி வொய்ஸ் ஒவ்வொன்றை முன்கூட்டியே பதிந்து வைத்தால், எந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அதை மட்டும் அனுப்பலாம். திருத்தும் வேலை பாதியாகும்.

தொடக்கத்துக்குக் கடற்கரை மணலைச் சொல்லலாம். மத்தியானத்தில் கால் வைக்க ஏலாது, பக்கத்தில் கடல் குளிர்ந்திருக்கும். ஆனால் அதோடு நிறுத்துங்கள். நீரில் வெப்பம் ஆழத்துக்குப் பரவுகிறது, ஆவியாதலும் நடக்கிறது. தன்வெப்பக் கொள்ளளவு மட்டும்தான் காரணம் என்று பிள்ளை எழுதிவிடக் கூடாது. சான்றுக்கு 200 கிராம் நீரையும் 200 கிராம் தேங்காய் எண்ணெயையும் ஒரே அடுப்பில், ஒரே அளவு தீயில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அளவு நேரம் சூடாக்கி, வெப்பமானி காட்டும் அளவை இரண்டு படமாக எடுத்து அனுப்புங்கள். எண்ணெய் அண்ணளவாக இரண்டு மடங்கு வேகமாகச் சூடேறும். இதைப் பிள்ளைகளை வீட்டில் செய்யச் சொல்லவேண்டாம், கொதித்த எண்ணெய் ஆபத்து.

ஆக நான்கே பகுதி: வெப்பமானிப் படங்கள், 90 வினாடி வொய்ஸ், செய்துகாட்டிய கணக்கு, கேள்வி.

உவர்மலை:
சேர் சொன்ன நான்கு பகுதிக்கும் டேட்டா கணக்கு. நொடிக்கு 500 கிலோபிட் வீடியோ நிமிடத்துக்கு 3.75 எம்.பி. எடுக்கும், ஐந்து நிமிடம் 19 எம்.பி.க்குக் கிட்ட. 32 கிலோபிட் ஒலி 90 வினாடிக்கு 360 கே.பி. மட்டுமே. அசைவு காட்டவேண்டிய இடம் தவிர வீடியோ வேண்டாம்.

அடுத்தது பாமினி எழுத்துரு. பாடசாலைக் கணினியில் பாமினியில் அடித்த வேர்ட் கோப்பைப் போனில் திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும். போனில் அந்த எழுத்துரு இல்லாததுதான் காரணம். யூனிகோட்டுக்கு மாற்றுங்கள், அல்லது பி.டி.எஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கையால் எழுதுவதென்றால் ஏ4 தாளை இரண்டாக மடித்து, நெடுக்காகப் பிடித்து, மார்க்கர் பேனையால் எட்டு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். முழுத் தாளில் குமிழ்முனைப் பேனையால் எழுதிப் படமெடுத்தால் பிள்ளை விரலால் பெருப்பித்து இழுத்து இழுத்தே களைத்துவிடும். வொய்ஸைக் கதவைச் சாத்திக்கொண்டு பதியுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் முற்றத்தில் நின்று பேசினால் காற்றின் இரைச்சல்தான் பதியும்.

டவுன்லோட் ஆகும் ஒழுங்கு மாறும், ஆகவே ஒவ்வொரு வொய்ஸையும் "வெப்பம், இரண்டாம் பகுதி" என்று சொல்லித் தொடங்குங்கள். பாடக் குறூப்பில் அட்மின் மட்டும் அனுப்பும்படி வையுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கங்களுக்குள் பாடம் புதைந்துவிடும்.

மூதூர் ரீச்சர்:
மிகவும் நன்றி. பதில் அனுப்ப எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? ஒரு பிள்ளை அனுப்பினால் மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள், அதற்கு என்ன செய்வது?

கிண்ணியா சேர்:
48 மணித்தியாலம் கொடுங்கள். இரவு கடலுக்குப் போகும் போன் அதற்குள் இரண்டு பகலாவது வீட்டில் இருக்கும். போனே இல்லாத பிள்ளைக்கு அதே நான்கு பகுதியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

பார்த்து எழுதுவதற்கு: தெரிவுக் கேள்வி முடிந்ததும் இரண்டாவது கணக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சுட்டெண்ணின் கடைசி இலக்கத்தை 100ஆல் பெருக்கி, அத்தனை கிராம் நீரை எடுக்கவேண்டும். 0 என்றால் 1000 கிராம். வெப்பநிலை மாற்றம் எல்லாருக்கும் அதே 70 பாகை. நீங்கள் 34 கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்க்கத் தேவையில்லை. 100 கிராமுக்கு 29,400 யூல், அதைக் கடைசி இலக்கத்தால் பெருக்கினால் விடை. 0 வந்தால் 294,000. பதில் குறூப்புக்கு வேண்டாம், உங்கள் தனி இன்பொக்ஸுக்கு, செய்கைவழியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.