பீப்பாயில் ஊறிய பீர்: வாங்கிய கையோடு திறப்பதா, பூட்டி வைப்பதா?

நிலவறைக்காரன்
சிகாகோவில் இருக்கிறேன். கையில் மூன்று பாட்டில்கள் உள்ளன: கூஸ் ஐலண்ட் ஆலையின் பர்பன் கவுண்டி ஸ்டௌட் (கருநிறக் கெட்டி பீர்), ஃபவுண்டர்ஸ் ஆலையின் கேபிஎஸ் (அதுவும் ஒரு ஸ்டௌட்), பர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய ஒரு பார்லிவைன் (ஆல்கஹால் மிகுந்த பீர் வகை). மூன்றும் இந்த ஆண்டுச் சரக்கு. ஐந்து வருடம் தொடவே கூடாது என்கிறார் நண்பர். வீட்டின் கீழ்த்தளம் குளிர்காலத்தில் 13 டிகிரி, ஜூலையில் 23 வரை ஏறும். வைக்கலாமா, குடித்துவிடலாமா?

கருநுரை
குடித்துவிடுங்கள், மூன்றையும். பீப்பாய் பீர் முதுமையடையும் இடம் பீப்பாய்தான், உங்கள் கீழ்த்தளம் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி பர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலனில்தான் முதிர வைக்க வேண்டும். ஒரு முறை பயன்பட்ட பீப்பாய் அதற்கு ஆகாது என்பதால்தான் அது பீர் ஆலைகளுக்கு வந்து சேர்கிறது. வெனிலாவும் தேங்காய் வாசனையும் அந்த மரத்திலிருந்து மாதக்கணக்கில் இறங்கியவை. பல பீப்பாய்களைச் சுவைத்து, கலந்து, இதுதான் பதம் என்று முடிவு செய்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். பாட்டிலுக்குள் மரம் இல்லை. அங்கே வேலை செய்வது மூடிக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான். வைக்க வைக்க ஊற இது ஆவக்காய் அல்ல.

பழையபாட்டில்
கருநுரை ஐயா ஆலைக்காரர்களின் முடிவை அவ்வளவு மதிப்பவர் என்றால், அவர்களே ஒட்டிய லேபிளையும் படிக்க வேண்டும். பர்பன் கவுண்டி பாட்டிலில் ஐந்து ஆண்டுகள் வரை உள்ளேயே வளரும் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டார்செஸ்டரில் 1968இல் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை வடித்த தாமஸ் ஹார்டி என்ற ‘ஏல்’ வகை பீருக்கு 25 ஆண்டுகள் வரை தாங்கும் என்று சொல்லியே விற்றார்கள். ஆக்சிஜன் என்றதும் அலற வேண்டாம். வெளிர்நிற லாகர் பீரில் அது நனைந்த அட்டையின் வாடையைத் தரும், உண்மைதான். கருமையான, மால்ட் (முளைகட்டிய பார்லி) மிகுந்த, ஆல்கஹால் கூடிய பீரில் அதே ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்தால் பேரீச்சை, அத்தி, ஷெர்ரி என்று வேறு திசையில் போகும். அந்தச் சுவையைப் புதுப் பாட்டிலில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

கருநுரை
‘ஐந்து ஆண்டுகள் வரை’ என்பது உச்சவரம்பு. அதுவரை காத்திருங்கள் என்ற கட்டளையாக அதை ஏன் படிக்கிறீர்கள்? தாமஸ் ஹார்டி பாட்டிலில் உயிருள்ள ஈஸ்ட் இருந்தது. புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பர்பன் கவுண்டியின் கதை வேறு. 2015ஆம் ஆண்டுப் பாட்டில்கள் சிலவற்றில் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா புகுந்து புளித்துவிட, நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2016இலிருந்து பாஸ்டரைஸ் செய்துதான், அதாவது சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்றுதான், அடைக்கிறார்கள். ஈஸ்ட் செத்த பாட்டிலுக்கு டார்செஸ்டரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

பழையபாட்டில்
பாஸ்டரைஸ் செய்தது என் பக்கத்துக்குத்தான் பலம். புளித்துப்போகும் பயம் இல்லாமல் வைக்கலாம். சரி, நேராகவே கேட்கிறேன். ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டிய ஸ்டௌட் புதிதாகத் திறந்தால் தொண்டையை எரிக்கிறதா இல்லையா? இரண்டு வருடம் கழித்து அதே ஸ்டௌட் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

மால்ட்டுமணி
வீட்டிலேயே பீர் வடிப்பவன் என்ற முறையில் நடுவே நுழைகிறேன். பாட்டிலில் ஆல்கஹால் குறைவதில்லை. அன்றும் 14, நாளையும் 14. குறைவது ஹாப்ஸ் பூவின் கசப்பு. அதைத் தரும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் காலத்தோடு சிதைகின்றன. கசப்பு தணிந்தால் இனிப்பு மேலே வரும், எரிச்சல் மட்டுப்பட்டதாகத் தோன்றும். கசப்பு தூக்கலாக உள்ள பார்லிவைனுக்கு இது வரம். ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் ஸ்டௌட்டுக்கு இதுவே திகட்டலாகிவிடும். ஆகவே இருவரும் வெவ்வேறு பீரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேபிஎஸ் விஷயத்தில் மட்டும் விவாதமே வேண்டாம். அதில் காபி இருக்கிறது. காபி சேர்த்த ஸ்டௌட் ஒன்றைச் சில வருடம் விட்டுத் திறந்திருக்கிறேன். மூடியை எடுத்ததும் வறுத்த கொட்டையின் மணத்தை எதிர்பார்த்து மூக்கை வைத்தால், நறுக்கிய பச்சைக் குடைமிளகாய். கோப்பையில் நுரை ஓரமாக ஒரு வளையம் கட்டி, அதுவும் உடனே கரைந்தது. குடித்தால் முதலில் சோயா சாஸின் உப்புத்தன்மை, பிறகு குடைமிளகாய், கடைசியில் எங்கோ கொஞ்சம் சாக்லேட். பாதியைத் தொட்டியில் கொட்டினேன்.

பழையபாட்டில்
காபி, தேங்காய், மிளகாய் சேர்த்த வகைகளை வைக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். ஆனால் சாதா ஸ்டௌட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். திகட்டும் என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது.

கருநுரை
நாக்கைப் பொறுத்தது என்று வந்துவிட்டால் விவாதம் எதற்கு? எனக்குக் கோபம் வேறொன்றில்தான். பழைய பாட்டில்களைத் திறக்கும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். வருடத்தைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். லேபிளை மறைத்துக்கொண்டு ஊற்றினால் அதே ஆட்கள் புதியதைத்தான் இரண்டாம் முறை கேட்கிறார்கள். காத்திருந்த வருடங்களுக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம்.

பழையபாட்டில்
போடட்டுமே! குழந்தை பிறந்த வருடத்துப் பாட்டிலை எடுத்து வைத்தவனிடம் போய் வேதியியல் பேசுவீர்களா? அவனுக்கு அந்த மதிப்பெண்ணும் சுவைதான்.

மால்ட்டுமணி
நிலவறைக்காரரின் 23 டிகிரியை யாரும் கண்டுகொள்ளவில்லையே. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பழையபாட்டில் சொல்லும் பேரீச்சையும் அத்தியும் 10 முதல் 13 டிகிரியில், இருட்டில், வருடம் முழுவதும் ஏற்றத்தாழ்வின்றி இருந்தால் கிடைப்பவை. உங்கள் ஜூலை மாதத்தில் கிடைக்கப்போவது அட்டை வாடைதான். மூடியின் மேல் மெழுகு பூசியிருந்தாலும் உள்ளே ஏற்கெனவே அடைபட்ட ஆக்சிஜனை அது ஒன்றும் செய்யாது.

நிலவறைக்காரன்
அப்படியானால் கேபிஎஸ் இந்தச் சனிக்கிழமை. பார்லிவைனுக்காக ஒரு சின்னக் குளிர்பெட்டி வாங்குவதாக இருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டௌட்டையும் அதிலேயே படுக்க வைக்கலாமா?

பழையபாட்டில்
வையுங்கள், ஆனால் நிற்க வையுங்கள். ஒயினைப் போல் ஈரமாக வைத்திருக்க இதில் கார்க் இல்லை. படுத்தால் பீரின் மேற்பரப்பு விரிந்து ஆக்சிஜனுக்கு இடம் கூடும், வண்டலும் பக்கவாட்டில் ஒட்டும். 2 வருடம் கழித்துத் திறந்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். கருநுரைக்காகவே கேட்கிறேன்.

கருநுரை
குளிர்பெட்டி வாங்கும் காசில் அடுத்த வருடத்துப் பாட்டிலையே வாங்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள். சனிக்கிழமை கேபிஎஸ்ஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றாதீர்கள். அரைமணி நேரம் வெளியே வைத்து 12 டிகிரிக்கு வந்த பின் ஊற்றினால்தான் காபி மணக்கும். 12 சதவீதச் சரக்கு, துணைக்கு ஓர் ஆளாவது இருக்கட்டும்.