டி7 கார்டு வந்ததும் சோலோ ஒட்டாமல் போகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். இணையப் பாடங்களைப் பார்த்து ப்ளூஸ் கிட்டார் பழகி வருகிறேன். ஏ சுருதியில் அமைந்த பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸை, ஏ7, டி7, இ7 ஆகிய மூன்று கார்டுகளையும் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றி, ஷஃபிள் நடையில் தடுமாறாமல் வாசிக்க முடிகிறது. சோலோவுக்கு ஐந்தாவது ஃப்ரெட்டில் (மெட்டில்) தொடங்கும், ஐந்து ஸ்வரங்கள் கொண்ட ஏ மைனர் பெண்டாடோனிக் ஸ்கேல் ஒன்றே போதும் என்று பாடத்தில் சொல்கிறார்கள். முதல் நான்கு பார்களில் அது நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் ஐந்தாவது பாரில் டி7 வந்ததும், ஸ்கேலை விட்டு விலகாமல் வாசித்தும், பின்னணி ஒரு பக்கமும் என் கை ஒரு பக்கமுமாகப் போகின்றன. ஒன்பதாவது பாரின் இ7இல் இன்னும் மோசம். சிறு வயதில் வீணை கற்றதால் சுருதி விலகினால் காதுக்குத் தெரியும், இது அதுவல்ல. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி:
ஸ்கேலில் பிழையில்லை. ஏ, சி, டி, இ, ஜி என்னும் அந்த ஐந்தும் நீங்கள் அறிந்த சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களே. ஆனால் கர்நாடக இசையில் ஆதார சட்ஜம் கச்சேரி முடியும்வரை நகராது. இங்கே கார்டு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்வரத்தின் உறவும் மாறிவிடுகிறது. ஏ7இல் ஜி நிம்மதியாக நிற்கும். டி7இல் அதே ஜி, அந்தக் கார்டின் எஃப் ஷார்ப்போடு ஒரு மெட்டு இடைவெளியில் உரசும். இ7இல் சி இப்படித்தான் பி-யோடு உரசுகிறது.

ஆகவே ஒவ்வொரு கார்டின் மூல ஸ்வரத்திலிருந்து எண்ணும்போது வரும் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களைக் கைக்குள் கொண்டுவாருங்கள். மெல்லிய தந்தியை முதலாவதாக எண்ணினால், ஏ7க்கு நான்காம் தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் மூன்றாம் தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டும் போதும். இரண்டு விரல்களையும் ஒரு ஃப்ரெட் தலைப்பக்கம் நகர்த்தினால் டி7. ஏ7இன் இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் உடல்பக்கம் நகர்த்தினால் இ7. பன்னிரண்டு பார்களையும் இவற்றை மட்டுமே கொண்டு மெதுவாக வாசித்துப் பாருங்கள். பிறகு சோலோவில், ஐந்தாவது பாரின் முதல் தட்டில் சி ஷார்ப்பிலிருந்து சி-க்கு இறங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஐந்தாவது பார் இப்போது ஒட்டுகிறது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. சி-யைச் சற்றே பெண்ட் செய்து (தந்தியை விரலால் தள்ளிச் சுருதியை உயர்த்தி), சி-க்கும் சி ஷார்ப்புக்கும் இடையில் நிறுத்தச் சொல்கிறார்கள்; டி7இலும் அப்படிச் செய்யலாமா? மேலும், வாசிப்பது சோலோவாக இல்லாமல் சாதகம் செய்வதுபோல் இருக்கிறது.

மற்றொரு மறுமொழி:
அந்த பெண்ட் ஏ7க்கு உரியது. டி7இல் சி அந்தக் கார்டின் ஏழாம் ஸ்வரமாகிவிடுவதால், தொடக்கத்தில் அதைத் தள்ளாமல் நேராக வாசிப்பதே நல்லது. விதிவிலக்குகள் ஏராளம் உண்டு. காது பழகியபின் அவை தாமாக வரும்.

இரண்டாவது ஐயத்துக்குக் காரணம், பெரும்பாலும் இடைவெளி விடாமல் வாசிப்பதுதான். பாடங்களில் ஸ்கேல் படங்கள் நிறைய இருக்கும், மௌனத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. 1964இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் நிகழ்த்திய கச்சேரியின் பதிவைக் கேளுங்கள்: அவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், அதற்கு கிட்டார் பதில் சொல்லும். நீங்களும் இரண்டு பார்களுக்கு ஒரு சொற்றொடரை வாயால் பாடிவிட்டு, அடுத்த இரண்டு பார்களில் அதற்குரிய பதிலை மட்டும் வாசியுங்கள். பிறகு பேக்கிங் டிராக்கை (பின்னணி இசைப்பதிவை) நிறுத்திவிட்டு, தாளம் காட்டும் மெட்ரோனோமை மட்டும் வைத்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். கார்டு எங்கே மாறுகிறது என்பது அந்தப் பதிவில் காதுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, இங்கே மறுபடி எழுதுங்கள்.