புதுமண்டபத்துக்கு வந்த பென் 10

'பென் 10: ஏலியன் ஃபோர்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரைப் பார்த்த அனுபவத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். பெரும்பாலும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். நான் அதைப் பார்த்தபோது எனக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அப்போது மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தையல் வேலை.

எங்களுக்குச் சித்திரை மாதம்தான் பெரிய சீசன். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் சல்லடம், உருமால், சட்டை எல்லாம் அங்கேதான் தைத்தோம். மற்ற மாதங்களில் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி வரும். பாரதியார், ஜான்சி ராணி, முருகன் இப்படி. 2010 வாக்கில் அக்கா மகன் வந்து, "மாமா, எனக்கு பென் 10 சட்டை வேணும்" என்று நின்றான். கையில் பொருட்காட்சியில் வாங்கிய வாட்ச். பொத்தானை அமுக்கினால் சுவரில் வட்டமாக வெளிச்சம் விழும், அதில் ஒரு வேற்றுக்கிரக உருவம் மங்கலாகத் தெரியும். அவன் புத்தகப் பையில் இருந்த படத்தைப் பார்த்து வெள்ளை டீ சர்ட்டில் கறுப்புப் பட்டை போட்டுவிடலாம் என்றேன். "அது பழைய பென் மாமா. அப்ப அவனுக்குப் பத்து வயசு. இப்ப பதினஞ்சு. பச்சை ஜாக்கெட் போடுவான்" என்றான்.

சரி, பார்த்துத்தான் தைக்க வேண்டும் என்று அக்கா வீட்டில் கார்ட்டூன் நெட்வொர்க் முன்னால் உட்கார்ந்தேன். மின்வெட்டுக் காலம் அது, பாதியில் கரண்ட் போய்விடும். வெள்ளைப் பட்டை எங்கே ஆரம்பிக்கிறது, 10 என்ற எண் எந்த அளவில் வருகிறது என்று பார்ப்பதற்குள் பென் ஹ்யூமங்கஸார் என்ற ராட்சத வேற்றுக்கிரக உருவமாக மாறி நிற்பான். ஜாக்கெட் போய்விடும். கடையில் பச்சை சாட்டின் நிறையக் கிடந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மினுங்கக் கூடாது மாமா, சண்டைக்குப் போற ஆளு." கடைசியில் யூனிஃபார்ம் தைக்கிற டிரில் துணியில் தைத்து, எண்ணைத் தனியாக வெட்டி வைத்துத் தைத்தேன். போட்டியில் ஆறுதல் பரிசுதான், ஆனால் அந்தச் சட்டை சாயம் போகும்வரை அவன் கழற்றவில்லை.

சட்டை முடிந்த பிறகும் நான் பார்ப்பதை விடவில்லை. கதை அப்படி. தாத்தா மேக்ஸைக் காணோம் என்றதும், கழற்றி வைத்திருந்த ஆம்னிட்ரிக்ஸை, அதாவது அவனை வேற்றுக்கிரக உருவங்களாக மாற்றும் வாட்சை, பென் மறுபடி கட்டுகிறான். கூட அவன் அப்பாவின் சகோதரர் மகள் க்வென், அப்புறம் கெவின். இந்த கெவின் முந்தைய தொடரில் பென்னுக்கு எதிரி. அவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, முழுசாக நம்பவும் முடியாமல், விட்டுவிடவும் மனசில்லாமல் மூன்று பேரும் ஒரே காரில் திரிவதை அவ்வளவு பொறுமையாகக் காட்டியிருப்பார்கள். பென் மாறுகிற உருவங்களில் ஏலியன் எக்ஸ் என்று ஒன்று வரும். எதையும் செய்யக்கூடிய சக்தி, ஆனால் உள்ளே இருக்கும் கோபமும் இரக்கமும் ஒத்துப்போனால்தான் விரலையே அசைக்க முடியும். ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி பேசிக்கொண்டே இருப்பார்கள், வெளியே அணை உடைந்துகொண்டிருக்கும்.

46 பாகங்களில் என் மனசில் நின்றது முதல் 26தான். பென்னின் பழைய எதிரி வில்காக்ஸ் திரும்பி வரும் மூன்றாவது சீசன் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் இரண்டு சீசனிலும் எதிரி ஹைபிரீட். தங்கள் இனம் மட்டுமே சுத்தம், மற்றதெல்லாம் அழுக்கு என்று நினைக்கிறவர்கள். மனிதர்களின் தலையில் ஓர் உயிரியை ஒட்டவைத்து அவர்களை டிஎன்ஏலியன்களாக மாற்றி வேலை வாங்குவார்கள். கடைசியில்தான் உண்மை தெரியும்: தங்களுக்குள்ளேயே கலந்து கலந்து நோய்க்கு நிற்காத உடம்பாகி, பிள்ளை பிறக்காமல் போய், அந்தத் தலைமுறையோடு முடியப்போகிற இனம் அது. நாங்கள் போவதற்குள் எல்லோரும் போகட்டும் என்றுதான் படையெடுப்பே. பென் அவர்களை அழிக்கவில்லை. ஆம்னிட்ரிக்ஸில் இருந்த மற்ற இனங்களின் மரபணுவை அவர்களுக்குள் கலந்துவிட்டு அவர்களைக் காப்பாற்றினான். சண்டை அதோடு நின்றது. பிள்ளைகளுக்கான தொடரில் இதை இவ்வளவு துணிச்சலாக வைத்தவர்களை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது. 'நம்ம ரத்தம்' என்ற பேச்சைக் கேட்டே வளர்கிற ஊரில் நம் பிள்ளைகள் இதைத் தமிழில் பார்த்தார்கள், அது பெரிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்கு அக்கா மகளைக் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு. எங்கள் பக்கம் இது சாதாரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அம்மா அந்தப் பேச்சை எடுத்தார். பையன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மாச்சி, சொந்தத்துக்குள்ளயே முடிச்சு முடிச்சுத்தான் ஹைபிரீடுக்குப் பிள்ளையே பிறக்காமப் போச்சு" என்றான். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா அவனை அதட்டினார். நான் குறுக்கே வந்து, அவன் சொல்வது வெறும் கார்ட்டூன் கதை இல்லை, நெருங்கின சொந்தத்தில் கட்டினால் ஒரே குறை இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம், டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். அம்மா முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாள் ஆனது.

பையன் சொன்னதைக் கேட்டு என் தம்பி மனசு மாறினான் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா மகள் அதற்கு முன்னாலேயே தன் அம்மாவிடம் தனியாக அழுதிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அவள் தம்பி, அந்தப் பையன், பேசிய பேச்சுக்குப் பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து, "எனக்கும் வேணாம் அம்மாச்சி. சின்ன மாமா என்னைத் தூக்கி வளர்த்தவரு. நான் நர்சிங் படிக்கணும்" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

அவள் படித்தாள். என் தம்பிக்குத் திருப்புவனத்தில், சொந்தமில்லாத அசலில், பெண் எடுத்தோம்.