பிள்ளையில்லாத அத்தையின் பராமரிப்புச் செலவு: வண்ணாரப்பேட்டை வீட்டை என்ன செய்வது?

வினா

என் அத்தைக்கு 74 வயது, கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பக்கவாதத்திற்கு ஸ்டான்லி மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தபின் மாதவரம் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். இல்லக் கட்டணம், டயப்பர், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் அதில் பாதிகூட வராததால் வைப்புத்தொகை கரைந்துகொண்டிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு வீடு உள்ளது. மாமா உயில் எழுதாமல் இறந்ததால், வாரிசு என்ற முறையில் அத்தைக்கு வந்த வீடு அது. கீழே இரண்டு குடித்தனங்கள்; அத்தை இருந்த மாடி பூட்டிக் கிடக்கிறது. வங்கியில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்கலாம் என்கிறார்கள். மாமாவின் தம்பி மகன்களோ, "இது எங்கள் குடும்பச் சொத்து, விற்கக் கூடாது, எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். அத்தைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. வலது கைதான் வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பெரம்பூர்)

ரிவர்ஸ் மார்ட்கேஜ் உங்களுக்குப் பொருந்தாது. 60 வயதைக் கடந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டின் மேல் மாதந்தோறும் பணம் பெறுவதற்கான திட்டம் அது. வீட்டை விட்டு நிரந்தரமாக முதியோர் இல்லத்திற்குப் போய்விட்டால் கடன் முழுவதும் திருப்பிச் செலுத்த வேண்டியதாகிவிடும் என்று தேசிய வீட்டு வசதி வங்கியின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பொதுவாக ஓராண்டு தொடர்ந்து அங்கே வசிக்காவிட்டாலே அப்படிக் கொள்வார்கள். கவுன்ட்டரில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மறுமொழி (பத்திர வேலை பார்ப்பவர், ராயபுரம்)

ஐயா, ஒரு விவரம் தேவை. மாமா இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடிருந்தாரா?

வினா எழுப்பியவர்

இல்லை, அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

மறுமொழி (பத்திர வேலை பார்ப்பவர், ராயபுரம்)

அப்படியென்றால் வீடு முழுவதும் அத்தைக்கே சொந்தம். தாயார் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி அத்தை முழு உரிமையாளர். விற்க யாருடைய சம்மதமும் வேண்டாம்.

ஆனால் 15-ஆம் பிரிவையும் பாருங்கள். கணவர் வழியில் வந்த சொத்து, பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், கணவரின் வாரிசுகளுக்கே போகும். தம்பி மகன்களின் அவசரத்திற்கு இதுதான் காரணம். பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை அடையக்கூடிய, வசதியுள்ள உறவினரே அவரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 4-ஆம் பிரிவில் சொல்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மனுக் கொடுத்தால் அவர்களுடைய வாய் கொஞ்சம் அடங்கும் என்பது என் அனுபவம்.

எழுதிக் கொடுக்கவே வேண்டாம். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், பராமரிப்பது நிபந்தனை என்பதைச் செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும்) பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். அப்போதுதான் அவர்கள் கைவிட்டால் அதே மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்துச் செய்வது எளிது.

முதலில் மாடியையும் வாடகைக்கு விடுங்கள். போக்கியத்திற்கு விட்டால் மொத்தமாகப் பணம் வரும். ஆனால் மாத வாடகை வராது, முடிவில் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும். வாடகை வந்தும் துண்டு விழுந்தால் விற்பதே மேல். பணம் அத்தையின் கணக்கிலேயே வர வேண்டும்; அதில் 30 லட்சம் வரை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி வரும்.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி. விற்பதானால் நான் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கிக்கொண்டு செய்யட்டுமா? அவரால் சார்பதிவாளர் அலுவலகம் வர முடியாது.

மறுமொழி (பத்திர வேலை பார்ப்பவர், ராயபுரம்)

பவரைப் பதிவு செய்யலாம். ஆனால் அத்தை மனநிலை தவறினால், ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி அது அன்றே செல்லாது. பிறகு நீதிமன்றம்தான். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம். அதற்கே அவர் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. எனவே அத்தை தெளிவாக இருக்கும்போதே, அவரே விற்பதாகக் கிரயம் முடியுங்கள். உடல் நலிந்தவர் எனக் காரணம் காட்டி விண்ணப்பித்தால், பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்கீழ் சார்பதிவாளர் இருக்கும் இடத்திற்கே வருவார். கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை போதும். அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று, அவர் விவரம் புரிந்தே ரேகை வைத்தார் என்று, கையில் இருக்கட்டும். தம்பி மகன்கள் வழக்குப் போட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.