புரசைவாக்கம் நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த மரம்

(தண்டையார்பேட்டைக் குடும்பக் குழு)

சபரி: கல்யாணப் புடவை எடுக்க இன்று புரசைவாக்கம் நெடுஞ்சாலைக்குப் போயிருந்தோம். பூவரச மரங்கள் இருந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஆட்டோ ஓட்டுநர் உறுதியாகச் சொன்னார். அது சரிதானா, பெரியப்பா?

பெரியப்பா: இல்லை, தம்பி. பூவரசைப் பேச்சில் ‘பூரசு’ என்று சுருக்குவதால் வந்த குழப்பம் அது. பூவரசின் இலை ஒற்றையாக, அரசிலையைப் போல இருக்கும். சிறுவயதில் நீ சுருட்டிப் பீப்பீ ஊதியது அதைத்தான். புரசு வேறு மரம். அதற்கு ஒரே காம்பில் மூன்று இலைகள் இருக்கும். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுவதும் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடே பற்றி எரிவதுபோலத் தோன்றும். வடமொழியில் பலாசம் என்பார்கள். 1757இல் போர் நடந்த வங்காளத்துப் பிளாசிக்கும் இந்த மரத்தால்தான் பெயர் வந்தது.

கவிதா: அப்படியானால் ‘வாக்கம்’ எங்கிருந்து வந்தது, மாமா?

பெரியப்பா: பாக்கம் என்றால் ஊர், அம்மா. சேப்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் அப்படியே நிற்கும் அந்தச் சொல், புரசையோடு சேர்ந்து நாவில் புரண்டு ‘வாக்கம்’ ஆகிவிட்டது. புரசு மரங்கள் நின்ற ஊர் என்பதே பொருள். அங்குள்ள கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் புரசுதான். ஆட்டோ ஓட்டுநருக்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அத்தை: ஓமத்துக்குச் சமித்தாகப் புரசங்குச்சி போடுவார்களே, அந்த மரம்தானே, அண்ணா? அதன் இலைகளை ஈர்க்குச்சியால் தைத்துச் சாப்பாட்டு இலையாகப் பயன்படுத்தியதும் உண்டு. பூவைக் காய்ச்சினால் மஞ்சள் சாயம் இறங்கும். இவ்வளவு பயன் தந்த மரம் நின்ற ஊரில் இப்போது துணிக்கடைப் பலகைகளைத்தான் பார்க்க முடிகிறது.

சபரி: அந்த நெரிசலில் நின்றுகொண்டு அது ஒரு காலத்தில் கிராமம் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெரியப்பா: கிராமமேதான். 1693இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன 3 ஊர்களில் எழும்பூரோடும் புரசைவாக்கத்தோடும் நம் தண்டையார்பேட்டையும் ஒன்று. அந்த வகையில் அது நமக்குக் கூடப்பிறந்த ஊர்.

கவிதா: செவ்வாய்க்கிழமை ரவிக்கை வாங்க மறுபடியும் அங்கே போகவேண்டும், மாமா.

பெரியப்பா: அப்படியே கோயிலுக்குள்ளும் போய்த் தலமரத்தைப் பார்த்து, காம்புக்கு மூன்று இலை இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, இந்தக் குழுவில் ஒரு படம் போடு, அம்மா.