ஏற்காட்டுக் காபித்தூள் கடை: கையில் 6,000 ரூபாய், இன்ஸ்டாவா வாட்ஸ்அப்பா?

எஸ்டேட் கடை கேட்டது:

ஏற்காட்டில் சின்னக் காபித்தூள் கடை. சொந்தத் தோட்டத்து அரபிகா, கொஞ்சம் மிளகு. மாதம் 120 கிலோ தூள் போகுது, பெரும்பாலும் அரைக் கிலோ பாக்கெட். முக்கால்வாசி சனி ஞாயிறு மலையேறி வர்றவங்க வாங்குறது. மே மாதம் கோடை விழா முடிஞ்சதும் கல்லா காத்து வாங்குது. சேலம், சென்னை வீடுகளுக்கு மாதாமாதம் கூரியரில் போகணும்ங்கிறதுதான் எண்ணம். செலவுக்கு மாதம் 6,000 ரூபாய், ஒரு போன், நாளைக்கு ஒரு மணி நேரம். ஒரு ஏஜென்சியில் "மாதம் 30 போஸ்டர், 5,000 ஃபாலோயர்"னு சொல்லி 12,000 கேட்கிறாங்க. இன்ஸ்டாவில் இப்ப 340 பேர். எங்கே ஆரம்பிக்கிறதுங்க?

டபரா செட்:

ஏஜென்சி வேண்டாம்ங்க. 30 போஸ்டரில் பாதி பண்டிகை வாழ்த்தா இருக்கும். கடை பேரை மாத்திட்டா அதே போஸ்டர் ஜவுளிக்கடைக்கும் பொருந்தும். 5,000 ஃபாலோயர் எந்த ஊர்க்காரங்கன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு அங்கேயே நின்னுடும்.

உங்க கணக்கையே பாருங்க. 120 கிலோன்னா 240 பாக்கெட், அதில் 180 வெளியூர் வீடுகளுக்குப் போகுது. அந்த வீடுகளில் எத்தனை பேர் நம்பர் உங்ககிட்ட இருக்கு? ஓட்டை அங்கேதான். அதை அடைக்காம புது ஆளுக்கு விளம்பரம் போடுறது ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊத்துற மாதிரி.

கடைக்குன்னு தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்க. உங்க சொந்த நம்பர் வேண்டாம், நாளைக்கு ஆள் வச்சா போனையே கொடுக்க வேண்டியிருக்கும். அதில் ஷார்ட் லிங்க் எடுத்து, "ஏற்காடு காபி, 500 கிராம்"னு முன்கூட்டியே எழுதி வச்சு, க்யூஆர் ஆக்குங்க. இதை எங்கே ஒட்டுறதுங்கிறதுதான் விஷயம். பாக்கெட்டில் அச்சடிச்சா பிரயோஜனம் குறைவு. வீட்டுக்குப் போனதும் தூளை டப்பாவில் கொட்டிட்டுக் கவரைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதனால 5 சென்டிமீட்டர் ஸ்டிக்கர் ஒண்ணு தனியா பாக்கெட்டோட கொடுங்க, "டப்பாவில் ஒட்டுங்க"ன்னு சொல்லியே கொடுங்க. வறுத்த தேதி, கடை நம்பர், க்யூஆர், இது மூணு போதும். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், சமையலறை லைட் பட்டு மின்னினா ஸ்கேன் ஆகாது. மேட் பேப்பர் எடுங்க.

பில் போடும்போது ஒரு கேள்வி கேளுங்க: "வீட்ல நாளைக்கு எத்தனை டம்ளர்ங்க?" ஒரு டம்ளருக்கு 8 கிராம்னு வைங்க. நாலு டம்ளர் வீட்டுக்கு 32 கிராம், அரைக் கிலோ 15 நாள் வரும். எட்டு டம்ளர்னா எட்டே நாள். வாட்ஸ்அப்பில் லேபிள் போடுற வசதி இருக்கு, "8 நாள்", "15 நாள்", "30 நாள்"னு பிரிச்சிடுங்க. தூள் தீர்றதுக்கு மூணு நாள் முன்னாடி மெசேஜ் போகணும், ஏன்னா கூரியருக்கு ரெண்டு நாள் போகும். தீர்ந்த அன்னைக்குப் போனா அவங்க தெருமுனைக் கடையில் வாங்கியிருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை: ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால முதல் பதிலிலேயே சேவ் பண்ணச் சொல்லுங்க. கேட்காம குரூப்பில் சேர்க்காதீங்க. நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா நம்பரே முடங்கும்.

விளம்பரச் செலவு முதல் ரெண்டு மாசம் பூஜ்யமாவே இருக்கட்டும்.

அஞ்சு ரோடு:

மேலே சொன்னதில் பெரும்பாலும் சரி. ஆனா பூஜ்யச் செலவுன்னாலும் கூகுள் பிசினஸ் பக்கத்தை இன்னைக்கே சரி பண்ணணும். மலைமேல நிக்கிற ஆள் இன்ஸ்டாவில் தேடமாட்டார், மேப்பில் "காபி பவுடர்"னு அடிப்பார். போர்டில் இருக்கிற பேரை அப்படியே போடுங்க. "பெஸ்ட் ஏற்காடு காபி"னு வால் சேர்த்தா பக்கத்தை முடக்கிடுவாங்க. மேப்பில் கடை இடத்தைக் காட்டுற குறியை (பின்) நீங்களே கடை வாசலில் நின்னு வைங்க, மலைரோட்டில் ஒரு வளைவு தள்ளிப் போனாலும் வண்டி திரும்பி வராது. ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுக்காதீங்க, அது விதிமீறல். மழைக்கு மண் சரிஞ்சு வண்டிகளைக் குப்பனூர் வழியாத் திருப்பிவிட்டா, அதை அன்னைக்கே அப்டேட்டாப் போடுங்க. தூள் விக்காட்டியும் பேர் நிக்கும்.

மூணாவது மாசம் விளம்பரத்துக்கு வருவோம். 6,000-இல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போக 5,085 ரூபாய்தான் விளம்பரத்துக்கு ஓடும். போட்ட போஸ்ட்டுக்குக் கீழே வர்ற பூஸ்ட் பட்டனை விடுங்க. இன்ஸ்டா, ஃபேஸ்புக் விளம்பரத்துக்கான ஆட்ஸ் மேனேஜரில், கிளிக் பண்ணினா வாட்ஸ்அப் திறக்கிற விளம்பரம் ஒண்ணு, அதில் ரெண்டு வீடியோ. சேலம் டவுனில் பின் வைங்க. ஏற்காட்டில் வச்சு 25 கி.மீ. வட்டம் போட்டா சேலம் உள்ளே வரும், ஆனா மலை அடிவாரத்து ஊர்களுக்கும் சேர்த்துக் காசு கரையும். சென்னையை இப்ப தொடாதீங்க. அஞ்சாயிரத்தை அங்கே போட்டா ரோட்டில் தெளிச்ச தண்ணிதான்.

பலரும் கெடுக்கிற இடம்: ரெண்டு நாளுக்கு ஒருமுறை பட்ஜெட்டையும் படத்தையும் மாத்துறது. மாத்தும்போதெல்லாம் சிஸ்டம் மறுபடி முதல்ல இருந்து கத்துக்கும். பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. பேச்சுக்கு, ஒரு சாட்டுக்கு 30 ரூபாய், எட்டு சாட்டில் ஒரு ஆர்டர்னா ஒரு ஆளுக்கு 240 செலவு. கிலோவுக்கு 200 ரூபாய் நிக்குதுன்னா முதல் ஒரு கிலோ ஆர்டரில் 40 நஷ்டம். ரெண்டாவது ஆர்டர் வந்தாதான் லாபம். டபரா செட் சொன்ன லேபிள் இல்லாம இந்த விளம்பரம் ஓடவே கூடாது.

மூடுபனி:

வீடியோ பத்தி யாரும் சொல்லலை. வாரம் ரெண்டு ரீல்ஸ் போதும். பொருள் உங்க தோட்டத்திலேயே இருக்கு. மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் காபிப் பூ வெள்ளையாப் பூக்கும், சில நாள்தான் நிக்கும், அன்னைக்கு மத்த வேலையை ஒதுக்கிட்டு எடுத்து வைங்க. நவம்பரிலிருந்து பழம் பறிப்பு. அப்புறம் களத்தில் மிளகு. மழைக்காலத்தில் போட மிச்சம் வச்சுக்கலாம்.

டிகாக்‌ஷன் சொட்டுறதை எடுத்தா ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க. போன் கறுப்பைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தானா ஏத்திடும், டிகாக்‌ஷன் டீ மாதிரி சாயம் போய்த் தெரியும். திரையில் டிகாக்‌ஷன் மேல விரலை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணி, சூரியன் குறியைக் கீழே இழுங்க. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். பனி நேரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி லென்ஸைத் துணியால் துடைங்க.

சினிமாப் பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்கில் பல பாட்டு கிடைக்காது, கிடைக்காததை ஏத்தினா சத்தத்தை வெட்டிடுவாங்க. வறுக்கிற டிரம்மில் கொட்டை வெடிக்கிற படபட சத்தமே போதும், ஃபேனை மட்டும் நிறுத்துங்க. எழுத்தைத் திரையின் நடுவில் போடுங்க, கீழே போட்டா கணக்குப் பேரும் கேப்ஷனும் மறைச்சிடும்.

எஸ்டேட் கடை:

ஸ்டிக்கருக்கு நாளைக்கே சொல்றேன். கூரியர் காசைக் கேட்டதும் ஆர்டர் நின்னுடுதே, அதுக்கு என்ன பண்றது?

பார்சல் மேசை:

நீங்க ஒரு கிலோ ஆர்டரைத்தானே அனுப்புறீங்க? ரெண்டு அரைக் கிலோ பாக்கெட்டோட அட்டைப்பெட்டி, டேப் எடை சேர்ந்தா 1,150 கிராம் ஆயிடும். கூரியரில் பெரும்பாலும் 500 கிராம் 500 கிராமாத்தான் கட்டணம் ஏறும், அதனால ஒன்றரைக் கிலோவுக்குக் காசு போகுது. மிச்ச 350 கிராம் சும்மா பயணம் பண்ணுது. அதில் 200 கிராம் மிளகை வச்சு "வீட்டு செட்"னு கூரியர் சேர்த்த ஒரே விலையா வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் வைக்கிற கேட்டலாக்கில் போடுங்க. விலை கேட்க இன்பாக்ஸுக்கு வாங்கன்னு சொல்லாதீங்க, விலையைப் படத்திலேயே எழுதுங்க.

பெட்டி அளவையும் பாருங்க. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வர்ற கிலோ, நிஜ எடையைவிட அதிகமானா அதுக்குத்தான் பெரும்பாலும் காசு. 25க்கு 20க்கு 12 பெட்டின்னா 1.2 கிலோ, தாங்கும். 30க்கு 25க்கு 15 போனா 2.25 கிலோ ஆயிடும்.

சிக்கரி கலந்திருந்தா காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம்னு லேபிளில் இருக்கணும். அந்த லேபிள் படத்தையும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் கேட்டலாக்கின் ரெண்டாவது படமா வைங்க. "சிக்கரி உண்டா"ன்னு வர்ற கேள்வி பாதி அதிலேயே நின்னுடும்.